பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுப்பதைத் தடுத்து உதவக் கோரும் மனு

அனுப்புநர்:
பேருந்து நிலையக் கிழக்கு வாயிலில் கீரை, பூ, பழம் விற்போர் சார்பாக

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்

பொருள்: பத்து ரூபாய் நாணயத்தைக் கடைகளிலும் பேருந்துகளிலும் வாங்க மறுத்தல் – முந்தைய மனுக்களுக்குப் பதில் கிடைக்காமை – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நமது நகரில் பத்து ரூபாய் நாணயம் செல்லாக் காசாக நடத்தப்படுவது குறித்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டங்களில் ஏற்கெனவே மனு அளித்திருக்கிறோம். தொடர்புடைய அலுவலருக்கு அனுப்பப்பட்டது என்ற குறுஞ்செய்திக்கு மேல் எதுவும் வராததால் மீண்டும் தங்களை நாடி வந்துள்ளோம்.

1. வெவ்வேறு காலங்களில் வெளியான 14 வடிவப் பத்து ரூபாய் நாணயங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 17 அன்று அறிவித்தது. பதினைந்து கோடுள்ளது போலி, ரூபாய்க் குறியீடு இல்லாதது செல்லாது என்ற வதந்திகள் இன்னும் ஓயவில்லை. அந்தக் குறியீடே 2010இல்தான் வந்தது. அதற்கு முன் வெளியான நாணயத்தில் அது எப்படி இருக்கும்?

2. கிழக்கு வாயிலின் நிலையைத் தாங்கள் அறிவீர்கள். ஒரு கட்டுக் கீரை பத்து ரூபாய். இந்த நாணயம் புழங்கும் சென்னையிலிருந்து வந்து இறங்குவோர் அதை நீட்டினால், வாடிப்போகும் சரக்கை வைத்திருக்கும் எங்களால் வேண்டாம் என்று சொல்ல முடிவதில்லை. அதையே விடியற்காலையில் மொத்த மண்டிக்குக் கொண்டுபோனால் தாளாகக் கொடு என்கிறார்கள். மருந்துக் கடையில் மறுக்கிறார்கள், தேநீர்க் கடையில் மறுக்கிறார்கள். எங்கள் கிராமத் தடத்தில் மாலைக்குப் பிறகு மகளிருக்கான கட்டணமில்லாப் பேருந்து இல்லை. தனியார் பேருந்தை விட்டால் வேறு வழியில்லை. அப்படி ஏறிய, எழுபது வயதைக் கடந்த கீரைக்கார மூதாட்டி ஒருவர், அன்றைய வியாபாரம் முழுவதும் நாணயமாகவே சேர்ந்திருந்ததால், வெறுங்கூடையுடன் புறவழிச்சாலை நிறுத்தத்தில் இறக்கிவிடப்பட்டார். இரவு நேரம், மின்விளக்கு இல்லாத நிறுத்தம், நாய்த் தொல்லை மிகுந்த சாலை. அவர் நடந்தே வீடு சேர்ந்தார். அவர் கையில் இருந்தது கள்ளப் பணமா ஐயா? இந்திய அரசு வெளியிட்ட, அசோகச் சிங்கம் பொறித்த நாணயம் அல்லவா? பகல் முழுவதும் வெயிலில் உட்கார்ந்து சம்பாதித்த காசுக்கு ஐந்தாறு கிலோமீட்டர் பேருந்துப் பயணம்கூடக் கிடைக்காது என்றால், அவர் எந்த அரசின் பணத்தை நம்ப வேண்டும்?

3. ஊரே வாங்கவில்லை, நான் மட்டும் எப்படி வாங்குவது என்பதே எல்லோரும் சொல்லும் பதில். மக்கள் ஏற்காததை நாங்கள் என்ன செய்ய முடியும் என்று ஓர் அலுவலக மேசையிலும் எங்களிடம் இதையே சொன்னார்கள். அதுதான் எங்களை மிகவும் புண்படுத்தியது. பெரும்பான்மை என்பது இதுவா? நாட்டு மக்களின் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் கூடி நிறைவேற்றியது 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம். ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நாணயங்கள் ஆயிரம் ரூபாய் வரையிலான தொகைக்குச் சட்டப்படி செல்லும் என்று அதன் 6ஆம் பிரிவு கூறுகிறது. கடைவீதியில் ஒருவரைப் பார்த்து ஒருவர் மறுப்பது வாக்கெடுப்பு ஆகாது. அதில் எங்களை யாரும் கேட்கவுமில்லை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாமல் போனதைப் பார்த்த மக்களின் அச்சத்தை நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் அந்த அச்சத்தைப் போக்க வேண்டிய அரசே வாய் திறக்காதபோது, பலருடைய அச்சத்தின் செலவைச் சிலராகிய, அதுவும் ஏழைகளாகிய, நாங்களே சுமக்கிறோம். மக்களுக்கு உண்மையிலேயே இந்த நாணயம் வேண்டாம் என்றால் அதற்கும் முறை இருக்கிறது. 25 பைசாவை முன்கூட்டியே அறிவித்து, மாற்றிக்கொள்ள அவகாசம் தந்து, 2011 ஜூன் 30 முதல் விலக்கினார்கள். அறிவிப்பே இல்லாமல் ஒரு நாணயத்தைத் தெருவில் கொல்ல யாருக்கு அதிகாரம் தந்தோம்?

4. வங்கிக் கிளையில் எண்ண ஆள் இல்லை, நாளை வா என்கிறார்கள். நாணயங்களை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருப்பது அவர்களுக்குத் தெரியாததல்ல.

5. ஆகவே, பேருந்து உரிமையாளர்களையும் வணிகர்களையும் வங்கி மேலாளர்களையும் ஒரே கூட்டத்துக்கு அழைத்துத் தாங்களே நேரில் அறிவுறுத்துமாறும், பேருந்து நிலையத்திலும் மண்டியிலும் தங்கள் கையொப்பத்துடன் அறிவிப்புப் பலகை வைக்குமாறும், ஒலிபெருக்கி வாகனத்தில் சொல்லச் செய்யுமாறும், எங்களிடம் தேங்கிய நாணயங்களைப் பெற்றுக்கொள்ள ஒரு முகாம் நடத்துமாறும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறோம். இந்த மனுவையும் வேறோர் அலுவலருக்கு அனுப்பிவிட வேண்டாம் ஐயா. தாங்களே படியுங்கள். அந்தக் கூட்டத்தைத் தாங்களே கூட்டுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிழக்கு வாயில் சிறு வியாபாரிகள்