கட்டணத்தைக் கடையே நேரே கட்டட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருமணத்துக்கு முன் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில், சேலைப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். இப்போது டெக்சாஸில் ஒரு பெரிய சில்லறைக் கடையில் இருக்கிறேன். அந்த வேலையில் இருந்துகொண்டே வணிக நிர்வாகத்தில் இளநிலைப் பட்டம் முடித்துவிட்டேன். கட்டணம் முழுவதும் நிறுவனம் கட்டியது. நம் ஊர்க் கடைகளிலும் இது முடியும் என்று நம்புவதால்தான் எழுதுகிறேன்.

இங்கே ஸ்டார்பக்ஸ் காபிக்கடை நிறுவனம் 2014-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஊழியர்களை ஆன்லைனில் பட்டம் படிக்க வைக்கத் தொடங்கியது. வால்மார்ட் என்ற பெரிய சில்லறைக் கடை நிறுவனம் 2018-இல் இதே போன்ற படிப்புக்கு நாளுக்கு ஒரு டாலர் மட்டும் ஊழியரிடம் வாங்கியது. 2021-இல் அதையும் விட்டுவிட்டுப் புத்தகச் செலவையும் ஏற்றது. அதே ஆண்டு டார்கெட் என்ற இன்னொரு சில்லறைக் கடை நிறுவனமும் இதில் இறங்கியது. ஆள் நிலைக்காமல் போவதுதான் இந்தத் தொழிலில் பெரிய தலைவலி. படிக்கிற ஊழியர் சட்டென்று விட்டுப் போகமாட்டார். ஆண்டுக்கு 5,250 டாலர் வரையிலான இந்த உதவிக்கு ஊழியர் வருமான வரியும் கட்ட வேண்டாம்.

நான் முதலில் சேர்ந்த வேறொரு கடையிலும் கல்வி உதவி இருந்தது. ஆனால் பணத்தை நாம் கட்டி, தேர்ச்சி பெற்று, ரசீதைக் கொடுத்தால் பிறகு திருப்பித் தருவார்கள். மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவள் ஒரு பருவத்துக்கான கட்டணத்தை எங்கே போய்ப் புரட்டுவாள்? என்னோடு கல்லாவில் நின்ற யாரும் அதில் சேர்ந்து நான் பார்க்கவில்லை. இப்போதுள்ள கடையில் பணம் நேரே பல்கலைக்கழகத்துக்குப் போனது. என்னைப் பட்டதாரி ஆக்கியது அந்த வித்தியாசம்தான்.

அடுத்தது ஷிஃப்ட். வாரப் பாடத்தை ஞாயிறு நள்ளிரவுக்குள் அனுப்பியாக வேண்டும். கடையில் கூட்டமும் ஞாயிறுதான். மேலாளர் எனக்குக் காலை ஷிஃப்ட் ஒதுக்கித் தந்தார். நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விற்பனை வாரத்தில் கணக்கியல் தேர்வு வந்தது. சாப்பாட்டு இடைவேளையில், சரக்கு அறையில் அட்டைப்பெட்டி மேல் நோட்டை வைத்துத் ஒரு குளிர்பெட்டியின் மதிப்பு ஆண்டுக்கு எவ்வளவு குறையும் என்ற தேய்மானக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் குளிர்பெட்டியைப் போன்ற ஒன்றில்தான் மறுநாள் தயிர் டப்பாக்களை அடுக்கினேன். அன்றுதான் அந்தக் கணக்கு எனக்கு முழுசாகப் புரிந்தது.

குறையும் உண்டு. நிறுவனத்தின் பட்டியலில் உள்ள படிப்பைத்தான் எடுக்க முடியும். எனக்கு வரலாறு படிக்க ஆசை. பட்டியலில் அது இல்லை.

தி.நகரில் என்னோடு நின்ற பெண்கள் பலர் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியவர்கள். தம்பி படிப்புக்கும் தங்கை கல்யாணத்துக்கும் பணம் அனுப்ப வேண்டும் என்று திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து கடை விடுதியில் தங்கியிருந்தார்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. எவ்வளவு நல்ல காரியம், நின்றவர்களுக்குத்தான் தெரியும். அடுத்து படிப்பையும் கவனிக்கட்டும். தி.நகருக்குப் பக்கத்திலேயே சைதாப்பேட்டையில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே தமிழ் வழியிலேயே பட்டம் படிக்கலாம். அமெரிக்கக் கட்டணத்தைப் பார்க்க அங்கே கட்டுவது மிகக் குறைவு. பெரிய ஜவுளிக்கடைகளுக்கு அது ஒரு செலவே இல்லை.

வணிகர் சங்கங்களும் தொழிலாளர் துறையும் பல்கலைக்கழகமும் உட்கார்ந்து பேச வேண்டும். கட்டணத்தைக் கடையே நேரே கட்ட வேண்டும். சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. தேர்வு நாளில் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும், ஆடித் தள்ளுபடி நேரமானாலும் சரி. முக்கியமாக, படித்து முடித்தபின் இத்தனை வருடம் இங்கேயே இருப்பேன் என்று பத்திரம் எழுதி வாங்கக் கூடாது. அப்படிக் கேட்டால் ஊரிலிருந்து வரும் அப்பாக்கள் பயந்துபோய்ப் பிள்ளையைப் படிப்பில் சேர்க்கவே மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
டெக்சாஸ், அமெரிக்கா