பஞ்சு எப்போது மடியில் ஏறும்?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வலது கண்ணில் புரை எடுத்திருந்ததால் பேத்தியைத்தான் படிக்கச் சொன்னேன். உன் முயல் பஞ்சு நனைத்துவைத்த சோபாவில் நீ வேட்டியோடு உட்கார்ந்த இடம் வந்ததும் அவளால் மேலே படிக்க முடியவில்லை. கண் இப்போது பரவாயில்லை. குனியாதே, பாரம் தூக்காதே என்று ஆயிரம் கட்டளை. அதைச் சாக்காக வைத்து வீட்டு வேலையிலிருந்து தப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

பஞ்சு விஷயத்துக்கு வருகிறேன். வந்து பதினைந்து நாள்தானே ஆகிறது, அதற்குள் இவ்வளவு புலம்பலா? முதலில் அதன் இடத்தைச் சுருக்கு. வந்த கையோடு வீடு முழுக்க ஓடவிட்டாய், அது வீடு முழுக்கப் போயிருக்கிறது. ஒரு மூலையில் தடுப்புக் கட்டி அதற்குள் மட்டும் கொஞ்ச நாள் விடு. அங்கே ஒழுங்காகப் போகப் பழகிய பிறகு ஒவ்வோர் அறையாகத் திறக்கலாம்.

அடுத்தது மூத்திரமும் புழுக்கையும் போக வைக்கிற ட்ரே. நீ வைத்திருப்பது உனக்கு வசதியான மூலையில். அது போகிற மூலை வேறாக இருக்கும், கவனித்துப் பார். நானும் ஆரம்பத்தில் மூன்று நாள் என் முயல் சின்னானைத் தூக்கித் தூக்கி ட்ரேயில் உட்காரவைத்தேன். அவன் நிதானமாக இறங்கி, எதிர் மூலைக்குப் போய் முடித்துவிட்டு வருவான். நான்காம் நாள் நான் தோற்று, ட்ரேயை எதிர் மூலைக்கு நகர்த்தினேன். பாதித் தொல்லை அன்றோடு ஒழிந்தது.

மீதியைத் தீர்த்தது காய்ந்த புல். முயலுக்கு மெல்லுவதும் புழுக்கை போடுவதும் ஒரே நேரத்து வேலை. ட்ரேயின் ஒரு முனையில் புல்லைக் குவித்து வை. அது ஏறி உட்கார்ந்து இந்தப் பக்கம் வாயும் அந்தப் பக்கம் வாலுமாக அரைமணி நேரம் வேலை பார்க்கும். அதனால் ட்ரே பெரிதாக, உடம்பு முழுக்க நீட்டித் திரும்புகிற அளவில் இருக்கட்டும். அடியில் பரப்பக் காகிதத் துகள் போதும். பூனைக்கு விற்கிற, நனைந்தால் கட்டியாகிற மணல் வேண்டவே வேண்டாம், தின்றால் குடலை அடைத்துவிடும். மூத்திரம் துடைத்த தாளையும் சிதறிய புழுக்கையையும் ட்ரேயிலேயே போடு. அந்த வாடைதான் அதற்கு முகவரி. வெளியே போன இடத்தை மட்டும் வினிகரில் தண்ணீர் கலந்து வாடை போகத் துடை. அதட்டாதே. எதற்கு அதட்டுகிறாய் என்று அதற்குப் புரியாது, உன்னைக் கண்டால் ஓட வேண்டும் என்பது மட்டும் புரியும்.

சோபாவுக்கு வேறு காரணம். ஐந்து மாதம் என்று எழுதியிருக்கிறாய், அது பருவத்துக்கு வருகிற வயசு. 'இது என் இடம்' என்று முத்திரை குத்தியிருக்கிறது. விடுதியில் உன் கட்டிலில் எவனாவது உட்கார்ந்தால் நீ போட்ட கூச்சலை நினைத்துப் பார், கோபம் போய்விடும். கருத்தடை அறுவை செய்துவிட்டால் சில வாரங்களில் இது பெருமளவு குறையும். பஞ்சு ஆணா பெண்ணா என்று நீ எழுதவே இல்லையே! பெண் என்றால் தள்ளிப்போடாதே, கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் மிக அதிகம். முயல் பார்த்துப் பழகிய மருத்துவராகத் தேடு. முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் அறுவைக்கு முன் நாய் பூனைபோல் அதைப் பட்டினி போடத் தேவையில்லை. முந்தின இரவிலிருந்தே பட்டினி போடச் சொன்னால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடு.

ஒரு நாள் ட்ரேயில் சிவப்பாக மூத்திரத்தைப் பார்த்து, ரத்தம் என்று அலறியடித்துக்கொண்டு ஓடினேன். தின்ற கீரையின் நிறமி அப்படி இறங்குமாம். டாக்டர் சிரிக்காமல் சோதித்துப் பார்த்துச் சொன்னார், அந்த மரியாதையை நான் மறக்கவில்லை. இன்னொன்று, சில சமயம் திராட்சைக் கொத்துபோல் மெத்தென்று பளபளப்பாக ஒன்று போடும், அதை வாயாலேயே எடுத்துத் தின்றும்விடும். தடுக்காதே. முதல் தடவை செரிக்காத சத்தை இரண்டாம் தடவை எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் காலையில் பேப்பர் பார்ப்பதற்கு முன் நான் புழுக்கை பார்க்கிறேன். உருண்டையாக, ஒரே அளவாக, உதிரியாக இருந்தால் நிம்மதி. சிறுத்துப்போனாலோ முடியால் கோத்த மாலைபோல் வந்தாலோ புல்லைக் கூட்ட வேண்டும். சாப்பிடுவதும் புழுக்கையும் அரை நாள் நின்றுபோனால் இரவென்றும் பார்க்காமல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடு. முயலுக்குக் குடல் நின்றால் நேரம் குறைவு. இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே.

சரி, 'கைக்கே வரமாட்டேங்கிறது' என்று எழுதியிருக்கிறாயே, கையை எங்கே நீட்டுகிறாய்? மூக்குக்கு நேரேதானே? முயலுக்குப் பின்னால் வருவதுகூடத் தெரியும், மூக்குக்கு நேர் முன்னால் இருப்பது தெரியாது. திடீரென்று அங்கே ஒரு விரல் முளைத்தால் பயப்படாதா? பக்கவாட்டிலிருந்து கொண்டுபோய் நெற்றியில் தொடு. தூக்குவதை அடியோடு விடு. மேலிருந்து இறங்குகிற கை அதற்குப் பருந்து. நான் ஒரு நாள் ஆசைப்பட்டு மார்போடு அணைத்தேன். பின்னங்காலால் ஓர் உதை விட்டான், சட்டை கிழிந்து நெஞ்சில் மூன்று கோடு. அதோடு ஒரு வாரம் என்னைப் பார்த்தாலே தட் தட்டென்று தரையில் மிதித்தான். எனக்குப் பட்டது கீறல்தான். உதைக்கிற வேகத்தில் அதன் முதுகெலும்பே முறியலாம் என்று பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் எனக்கு வேறு வழி தெரியவில்லை. சாயங்காலம் ஆனால் ஒரு புத்தகத்தோடு தரையில் படுத்துவிடுவேன். அதற்கு விடியலும் அந்தியும்தான் சுறுசுறுப்பு, மத்தியானம் எழுப்பினால் எரிச்சல்படும். கூப்பிட மாட்டேன், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். பன்னிரண்டாம் நாளோ என்னவோ, கணுக்காலில் ஏதோ கூசியது. மீசை. மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். பாதத்தைச் சுற்றி மோந்துவிட்டு, தாடையை என் கட்டை விரலில் ஒரு தேய் தேய்த்துவிட்டுப் போனான். தாடைக்கு அடியில் வாசனைச் சுரப்பி இருக்கிறது. ஆக, மேசைக் கால், கதவு, நான், எல்லாமே அவன் சொத்து. இன்னொரு நாள் பக்கத்தில் வந்து பொத்தென்று ஒருக்களித்து விழுந்தான். செத்தே போய்விட்டான் என்று பதறிப்போனேன். நம்பிக்கை வந்தால் அப்படித்தான் சாயுமாம். இப்போது நெற்றியைத் தடவினால் பல்லை மெல்ல நறநறக்கிறான், காதை வைத்துக் கேட்டால்தான் கேட்கும். வலியிலும் பல்லைக் கடிக்கும், ஆனால் அது பலமாக, உடம்பைக் குறுக்கிக்கொண்டு.

நீயோ தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவன். நான் இவ்வளவு எழுதியும் நாளைக்குப் போய்த் தூக்கத்தான் போகிறாய். தூக்கினால் தடித்த சட்டையாகப் போட்டுக்கொள்.

எப்போது மடியில் ஏறும் என்று கேட்டிருந்தாய். சின்னான் வந்து ஏழு மாதம், இன்னும் ஏறவில்லை. இதை எழுதும்போது காலடியில்தான் கிடக்கிறான். கீழே விழுந்த முதல் தாளின் ஓரத்தைக் கடித்து வைத்திருக்கிறான், திருப்பி எழுதப் பொறுமை இல்லை. அப்படியே அனுப்புகிறேன்.

அன்புடன்,
ராமு