காளான் கறிக்கு எதற்கு சூப் கியூப்?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வாரம் உங்கள் சமையல் பக்கத்தில் வந்த காளான் கறியைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பால் எல்லாம் சரி, கடைசியில் ஒரு சூப் கியூப் எதற்கு? பாக்கெட்டில் வரும் சிப்பிக் காளான் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும், அதற்கு வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் தீபாவளி மழைக்கு இலங்கையில் எங்கள் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் புற்றடியில் முளைக்கிற காளானுக்கு உப்பும் மஞ்சளும் போதும். கறையானும் அந்தக் காளானும் ஒன்றை நம்பி ஒன்று வாழ்வதால் அதைப் பையில் வளர்த்து விற்கவும் முடியாது.

கியூபில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் உப்பும் அஜினமோட்டோவும்தான். 1908இல் இகெதா என்ற ஜப்பானியர் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த குளுட்டமேட்டின் உப்பு அது. அதே குளுட்டமேட் காளானில் இயல்பாகவே இருக்கிறது. பிறகு இன்னொரு ஜப்பானியர், குனினாகா, காய்ந்த ஷிடாகே காளானின் ருசிக்குக் குவானிலேட் என்ற பொருள் காரணம் என்று காட்டினார், குளுட்டமேட்டும் இதுவும் ஒரே சட்டியில் சேர்ந்தால் ருசி கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். மாசிக் கருவாட்டில் இருக்கும் இனோசினேட்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆகவே காளான் பிரட்டலில் இடித்த மாசி ஒரு பிடி தூவுகிற நம் பெண்கள் வேதியியல் படிக்காமலே கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள்!

பறித்த காளான் மறுநாளே அழுகிவிடும், அதனால் மிஞ்சியதைக் கீறி அடுப்புக்கு மேலே கயிற்றில் கோத்துக் காயவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்ததும் இடித்துப் போத்தலில் வைத்தால் பருப்பு, ரசம், மரவள்ளிக்கிழங்குக் கறி எதற்கும் ஒரு கரண்டி போதும். முழுசாக வைத்திருந்தால் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து மெல்லிய தீயில் சூடேற்றுங்கள், ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், ருசி பாதி அதில்தான் இருக்கிறது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா, பூண்டு நிறம் மாறுகிறதா, பூச்சி கடித்திருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் நஞ்சுக் காளானுக்குச் சோதனையே இல்லை. சில காளான்களின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது, சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கும் மேலே ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு அப்புறம்தான் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும், அது நின்று ஆள் தேறியது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். பரம்பரையாகப் பறிக்கிற ஆள் உங்களோடு இல்லையென்றால் கடைக் காளானே போதும், கியூபையும் போட்டுக்கொள்ளலாம், நான் கோபிக்க மாட்டேன்.

அடுத்த முறை காளான் குறிப்புப் போடும்போது, சந்தேகம் வந்தால் வாந்திக்காகக் காத்திருக்காமல் மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஓரமாக ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். கியூப் இருந்த இடம் காலியாகத்தானே இருக்கும்.

இப்படிக்கு,
பசறை வாசகி