கல்லறைக் கல் வைப்பதற்கு முன் ஆவணக் கோப்பைத் தேடுங்கள்

ஆசிரியருக்கு,

முதல் உலகப் போரில் இராணுவப் பதக்கத்தை மூன்று முறை வென்ற கனடியப் பூர்வகுடி வீரர் பிரான்சிஸ் பெகமகபோவைப் பற்றிய கட்டுரைக்கு நன்றி. நவம்பர் 8, கனடாவின் பூர்வகுடிப் படைவீரர் நாள். அன்று மலர்வளையம் வைப்பதோடு நிற்காமல் கைகொடுக்க விரும்பும் வாசகர்களுக்குச் சில விபரங்கள்.

போர்க்காலத்தில் இறந்தவர்களின் கல்லறைகளைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கிறது. அதன் கணக்கு முதல் போருக்கு 1921 ஆகஸ்ட் 31உடனும், இரண்டாம் போருக்கு 1947 டிசம்பர் 31உடனும் முடிந்துவிடும். உயிரோடு ஊர் திரும்பிப் பல ஆண்டு கழித்து இறந்தவர் அதில் வரமாட்டார். ரிசர்வ் எனப்படும் பூர்வகுடிக் குடியிருப்பின் சேமக்காலையில் அவருக்கு நட்ட மரச்சிலுவை உளுத்து விழுந்தால் இடமே தெரியாமல் போகும். இவர்களுக்காகத்தான், படைவீரர் அடக்கத்துக்கு உதவும் லாஸ்ட் போஸ்ட் ஃபண்ட் என்ற அமைப்பு 2019இல் தனித் திட்டம் தொடங்கியது. இறந்து 5 ஆண்டு கடந்தும் கல் இல்லாதவருக்குக் கல் வைக்கிறார்கள். இராணுவக் கல் ஏற்கெனவே இருந்தால் அவரது பூர்வகுடி மரபுப் பெயரைச் சேர்த்துப் பொறிக்கிறார்கள்.

இந்தத் திட்டத்துக்கு உதவும் தொண்டர்களின் வேலையில் முக்கால்வாசி காகித வேலை. அதில் காலை வாருவது பெயர்தான். படையில் சேர்த்த எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஒரே கோப்பிலேயே எழுத்து மாறும். ஆகவே வீரருக்குப் படையில் தந்த ரெஜிமென்ட் எண்ணைப் பிடித்துக்கொண்டு தேடுங்கள். முதல் போர்க் கோப்புகளைக் கனடா நூலக, ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். சேர்க்கைத் தாளில் இனத்தைக் கேட்கும் கட்டம் கிடையாது. பிறந்த ஊர், நெருங்கிய உறவினரின் பெயர், முகவரி மூன்றையும் ரிசர்வ் பதிவோடு ஒப்பிட்டுத்தான் ஆளை உறுதிசெய்ய வேண்டும். 107ஆம், 114ஆம் படையணிகளில் பூர்வகுடியினர் அதிகம் என்பதற்காக அங்கு மட்டும் தேடாதீர்கள்.

இரண்டாம் போரில் உயிர்தப்பியவர்களின் கோப்பு அப்படித் திறந்து கிடைக்காது, விண்ணப்பிக்க வேண்டும். இறப்புக்குச் சான்று கேட்பார்கள். கல்லறைப் படமும் சான்றாகும், ஆனால் கல்லே இல்லாதவருக்கு அது ஏது? பழைய பத்திரிகை மரண அறிவித்தல், தேவாலய அடக்கப் பதிவேடு இரண்டையும் பாருங்கள்.

குடும்பத்தாரிடமும், பூர்வகுடிச் சமூகத்தை நிர்வகிக்கும் சபையான பேண்ட் கவுன்சிலிடமும் கேட்காமல் எந்தப் படிவமும் அனுப்பக் கூடாது. கல்லில் பொறிப்பது கழுகிறகா, மெட்டிஸ் என்ற பூர்வகுடி மக்களின் முடிவிலிக் குறியா, ஒன்றும் வேண்டாமா என்பது அவர்கள் முடிவு.

பழைய கல்லைக் கழுவத் தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும். பிளீச் வேண்டவே வேண்டாம்: அதன் உப்பு கல்லுக்குள் இறங்கிப் படிகமாகி, மேற்பரப்பைப் பொருக்குப் பொருக்காக உரித்துவிடும். கம்பித் தூரிகையும் அழுத்த நீரும் எழுத்தையே தின்றுவிடும்.

நிலம் உறைந்தபின் கல் நட முடியாது. பனிக்காலத்தைக் கோப்புத் தேடலுக்கு வைத்துக்கொண்டால், நிலம் இளகும் நேரத்தில் விண்ணப்பம் தயாராக இருக்கும்.

வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ