வீடியோ கேம் என்று சொல்லிவிட்டேன்

அன்பு மகனுக்கு,

குடியை விட நீ சேர்ந்திருக்கிற இடத்தில் திரையைப் பார்த்து ஜாய்ஸ்டிக்கை (கேம் ஆடும் கைப்பிடி) தள்ளும் பயிற்சி தருகிறார்கள் என்று போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை முழுசாகக் கேட்காமல், "சிகிச்சைக்குப் போன இடத்திலும் வீடியோ கேமா?" என்று கேட்டுவிட்டேன். நீ உடனே போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாய். தப்பு என்னுடையது.

அப்புறம்தான் அது என்னவென்று தேடிப் படித்தேன். திரையில் மதுப்புட்டி வந்தால் ஜாய்ஸ்டிக்கை முன்னால் தள்ள வேண்டும், படம் சுருங்கிவிடும். சாதாரண பானம் வந்தால் தன் பக்கம் இழுக்க வேண்டும், படம் பெரிதாகும். இதில் என்ன இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் வருடக்கணக்காகக் குடித்தவருக்குப் புட்டியைக் கண்டாலே, யோசனை வருவதற்கு முன்பே கை அந்தப் பக்கம் போகப் பார்க்குமாம். அந்தப் பழக்கத்தைத்தான் திரும்பத் திரும்பத் தள்ள வைத்து மாற்றப் பார்க்கிறார்கள். "எப்படி எடுத்தேன்னே தெரியலப்பா" என்று நீ ஒருமுறை அழுதாய். சாக்கு சொல்கிறாய் என்று திட்டினேன். நீ சொன்னதில் பாதி உண்மை இருந்திருக்கிறது. (பாதிதான். மீதியை விட்டுக்கொடுக்க மாட்டேன்.)

ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் 214 பேரை வைத்து இதைச் சோதித்து 2011இல் வெளியிட்டிருக்கிறார்கள். வழக்கமான சிகிச்சையோடு, 15 நிமிடப் பயிற்சி 4 முறை, அவ்வளவுதான். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், அந்தப் பயிற்சி இல்லாதவர்களில் நூற்றுக்கு 59 பேர் மறுபடி குடித்திருந்தார்கள். பயிற்சி எடுத்தவர்களில் 46 பேர். அந்த 13 பேரில் ஒருவனாக நீ இருந்தால் எனக்குப் போதும். ஆனால் 46ஐயும் பார்த்துக்கொள். ஜாய்ஸ்டிக்கைத் தள்ளியாயிற்று என்று கவுன்சிலிங்கைத் தள்ளிவிடாதே. மாத்திரையையும்தான்.

எண்களைத் தலைகீழாகச் சொல்லும் பயிற்சி தலைவலி தருகிறது என்றாயாமே, அம்மா சொன்னாள். அந்த மாதிரி ஞாபகப் பயிற்சி செய்தவர்கள், இன்றைக்கே கிடைக்கும் சின்னத் தொகையை விட்டுவிட்டு, பிறகு வரும் பெரிய தொகைக்குக் கூடுதலாகப் பொறுத்தார்கள் என்று இன்னொரு ஆய்வு. குடிக்கிற ஆசை வரும்போதும் அந்தப் பொறுமைதானே வேண்டும். 27 பேர்தான், ரொம்ப நம்பிவிட முடியாது. தலைவலி இருந்தால் அங்கே சொல்லு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்காராதே.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். இந்த வாரம் எத்தனை புட்டியைத் தள்ளினாய் என்று கேட்பேன். போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லாதே.

அப்பா