அந்த வாங்கை வெயிலில் போட்டது நான்தான்

அன்புள்ள மருமகளுக்கு,

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் கிடைத்திருக்கிறது, போகலாமா என்று கேட்டிருந்தாய். "இஞ்சினியரும் இல்லை, ஆர்க்கிடெக்டும் இல்லை, பிறகு என்னதான் வேலை?" என்று உன் அம்மா புறுபுறுத்ததும் காதில் விழுந்தது. இத்தனை வருடமாக அக்காவுக்கு அதை விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வாய்க்கால் கரைக்குப் படம் கீறினேன். ஆறு வாங்குகள், ஆறும் தண்ணீரைப் பார்த்தபடி. காகிதத்தில் நல்ல வடிவு. திறந்து ஒரு கிழமை கழித்து, பின்னேரம் மூன்று மணிக்குப் போனேன். வாங்கில் கை வைக்க முடியாத சூடு. மேற்கு வெயில் நேரே முகத்தில். சனமெல்லாம் பின்பக்கம், வேப்பமர நிழலில் மதகுக் கட்டில் குந்தியிருந்தது. கச்சான் விற்கும் அம்மா கேட்டார்: "ஆர் தம்பி இதை வெயிலுக்குள்ள போட்டது?" நான் வாயே திறக்கவில்லை. ஐம்பது ரூபாய்க்குக் கச்சான் வாங்கிக்கொண்டு நானும் மதகில் இருந்தேன்.

1921இல் கொழும்புக்குத் திட்ட அறிக்கை எழுதிய பேட்ரிக் கெடிஸ், உயிரியல் படித்தவர். நோயை அறியாமல் மருந்து கொடுக்காதே என்பது அவர் வழி. நான் மருந்தை முதலில் கொடுத்துவிட்டேன்.

கொழும்புக் கடலோரக் காலிமுகத்திடலில், ஆங்கிலேயர் கால ஆளுநர் ஹென்றி வோர்ட் நாட்டிய கல்லைத் தேடிப் படி. 1859இல் முடிந்த அந்த நடைபாதையை, கொழும்பின் பெண்களையும் பிள்ளைகளையும் முன்னிட்டுத் தனக்குப் பின் வருபவர்களிடம் ஒப்படைக்கிறார். (எந்த வீட்டுப் பெண்கள் என்பது வேறு கதை.) 2022இல் அரசுக்கு எதிரான போராட்டத்தில் அதே இடத்தில் நூறு நாளுக்கு மேல் சனம் கூடாரம் போட்டு இருந்தது. அது எவருடைய வரைபடத்திலும் இருந்ததில்லை.

கசப்பான பக்கமும் உண்டு. 1978இல் உருவான நகர அபிவிருத்தி அதிகார சபை, 2010இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. நடைபாதைகள் வந்தன, மதில்கள் விழுந்தன, நகரம் பளிச்சென்று ஆனது உண்மைதான். அதே வருடம் கொழும்பு கொம்பனித்தெருவில் வீடுகளும் உடைபட்டன. நீ கீறப்போகும் கோட்டுக்கு அடியில் யாருடைய குசினி இருக்கிறது என்று வகுப்பில் யாரும் சொல்லமாட்டார்கள். நீயே போய்க் கதவைத் தட்ட வேண்டும். அதற்குச் சிங்களமும் சரளமாக வர வேண்டும்.

சரி, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வெள்ளவத்தை மரீன் டிரைவுக்கு வா. யார் எங்கே இருக்கிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று கொப்பியில் எழுதுவோம். தொப்பி மறக்காதே. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
மாமா