பதில் வராததும் கமாண்டு ஓடாததும் ஒன்றல்ல

ஆசிரியருக்கு,

வங்கிச் சேவை முடங்கினால் ‘சர்வர் கோளாறு’ என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. கோளாறு எப்போதும் இயந்திரத்தில் இருப்பதில்லை. ஐபிஎம்மின் இசட்/ஓஎஸ் இயங்குதளம் ஓடும் மெயின்பிரேம் என்ற பெரிய கணினியில், ஆபரேட்டர் கமாண்டு அடிக்கும் கன்சோலிலிருந்து வேறு சிஸ்டத்துக்குத் தவறாக அனுப்பும் ஒரு வரியும் சேவையை நிறுத்திவிடும்.

பல சிஸ்டங்களை ஒன்றாக இணைத்த குழுவான ஒரு சிஸ்பிளெக்ஸில் 32 சிஸ்டங்கள் வரை சேர்க்கலாம். கமாண்டை வேறு சிஸ்டத்துக்கு அனுப்பும் ‘ரூட்’ கமாண்டில் ஒரு சிஸ்டத்தின் பெயர் கொடுத்தால் அந்தச் சிஸ்டத்துக்கு மட்டும் போகும். ‘ஸ்டார் ஆல்’ என்றால் எல்லாவற்றுக்கும். நேரம் கேட்கும் ‘டிஸ்ப்ளே டி’யை எல்லாவற்றுக்கும் அனுப்பினால் ஒன்றும் கெடாது. ஒரு சாதனத்தைப் பயன்பாட்டிலிருந்து விலக்கும் ‘வேரி ஆஃப்லைன்’ அப்படியல்ல. 0ஏ80 என்ற எண் ஒரு சிஸ்டத்தில் காலி டேப் டிரைவாகவும், இன்னொன்றில் வேறு சாதனமாகவும் இருக்கலாம். சும்மா இருக்கும் சாதனம் உடனே ஆஃப்லைன் போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஜாப் பிடித்து வைத்திருந்தால் ‘பெண்டிங்’கில் நின்று, ஜாப் விட்டதும் போகும். அதற்குள் ஷிஃப்ட் மாறியிருந்தால், யார் கொடுத்த கமாண்டு என்று லாகைத் தோண்ட வேண்டியதுதான். முதலில் அதே எண்ணுக்கு ‘டிஸ்ப்ளே யூ’ அனுப்பி, ஒவ்வொரு சிஸ்டத்திலும் அது என்ன சாதனம் என்று பார்த்துவிட்டு, பெயர் சொல்லி அனுப்புவதே முறை.

பல சிஸ்டங்களுக்கு அனுப்பும்போது பதில்களை ஒன்றாகத் திரட்டித் தர கன்சோல் காத்திருக்கும். கன்சோல் பாராமீட்டரில் ‘ரூட்டைம்’ என்ற காத்திருப்பு நேரம் மாற்றப்படாவிட்டால் அது 30 விநாடி. அதற்குள் பேசாத சிஸ்டங்களை ஐஇஇ421ஐ செய்தி ‘பதில் இல்லை’ என்று பட்டியலிடும். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான்: கமாண்டு போகவில்லை என்று நினைத்து மறுபடி அடிக்கிறார்கள். ஒரு டாஸ்க்கை, அதாவது நிரலை, ஓடவைக்கும் ‘ஸ்டார்ட்’ கமாண்டாக இருந்தால் அதே டாஸ்க் இரண்டாக ஓடும். பொறுத்து, ஓடுபவற்றைக் காட்டும் ‘டிஸ்ப்ளே ஏ’யில் டாஸ்க் பெயரைத் தேடுங்கள், சிஸ்டங்களின் செய்திகள் பதியும் ஆபர்லாகையும் பாருங்கள். மெதுவான சிஸ்டம் என்று முன்பே தெரிந்தால் கமாண்டிலேயே ‘டி=60’ என்று நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

இன்னொரு பொறி, கன்சோலில் அடிப்பது எந்தச் சிஸ்டத்துக்குப் போக வேண்டும் என்று குறிக்கும் ‘கமாண்ட்சிஸ்’. அதில் வேறு சிஸ்டத்தின் பெயர் இருந்தால், ‘ரூட்’ போடாமல் அடிப்பதும் அங்கேதான் போகும். முந்தைய ஷிஃப்ட் மாற்றியதை அப்படியே விட்டுப் போவது சாதாரணமாக நடக்கிறது.

சிஸ்பிளெக்ஸுக்கு வெளியே, வேறு ஊர் மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்றால், நெட்வியூ என்ற கண்காணிப்பு மென்பொருளின் ‘ஆர்எம்டிகமாண்ட்’. அந்த மையத்தின் நெட்வொர்க் முகவரியான எல்யூ பெயரோடு ஆபரேட்டர் ஐடியையும் கொடுப்பது நல்லது. அந்த முனையில் கமாண்டை ஓட்டத் தானாகத் திறக்கும் ஆட்டோடாஸ்க், ‘எண்ட்டாஸ்க்’ கொடுக்கும்வரை பெரும்பாலும் திறந்தே கிடக்கும்.

சென்னையில் இந்த வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் கமாண்டுப் பட்டியலைக் கையில் கொடுத்து உட்காரவைத்தால் போதாது. ராக்ஃப் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ‘ஆபர்கமாண்ட்ஸ்’ வகுப்பில், யார் எந்தச் சிஸ்டத்துக்கு ‘ரூட்’ செய்யலாம் என்று தனித்தனியாகவே வரையறுக்க முடியும். பயிற்சியில் இருப்பவருக்கு டெஸ்ட் சிஸ்டத்தை மட்டும் திறந்துவிட அதுவே போதும்.

இசட்/ஓஎஸ் ஆபரேஷன்ஸ் பணியாளர்கள்,
சென்னை